டயர் பஞ்சர்: ஸ்டெப்னி மாற்றுவதா, காற்றடித்து ஓட்டுவதா, ஆளைக் கூப்பிடுவதா?

வலது பக்க டயரா, இடது பக்க டயரா? கார் பஞ்சராகி நிற்கிறது என்று உறவினர் யாராவது போன் செய்தால் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் பிறகு. இடது டயர் என்றால் வேலை செய்கிறவர் சாலையோர மண்ணில், காரையே மறைவாக வைத்துக்கொண்டு குந்தலாம். வலது டயர் என்றால் அவருடைய முதுகு ஓடுகிற வண்டிகளுக்கு நேராக இருக்கும். அதே கார், அதே நான்கு நட்டு, அதே இருபது நிமிடம். முதலாவது வேலை, இரண்டாவது சூதாட்டம்.

நான் வாரத்துக்கு ஒருமுறை மதுரை திருநகரிலிருந்து கள்ளிக்குடிப் பக்கம் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன். பன்னிரண்டு வருடமாக அதே சிறிய கார். இத்தனை காலத்தில் ஒன்பது முறை பஞ்சர் பார்த்துவிட்டேன். ஆணி, சீமைக் கருவேல முள், உடைந்த பாட்டில், ஒருமுறை மாட்டு லாடத்து ஆணி. கிட்டத்தட்ட எல்லா வழிகளையும் முயன்று பார்த்திருக்கிறேன். சிலவற்றைத் தவறான இடத்தில் முயன்றும் இருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு கார்த்திகை மாத மாலை. திருமங்கலம் தாண்டி நான்குவழிச் சாலையில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தோம். காரின் பின்பக்கம் வாலாட்டியது. தப், தப் என்று சத்தம். ஓரங்கட்டினேன். ஓரம் என்று பேர்தானே ஒழிய, அந்த இடத்தில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு காரின் அகலம்கூடக் கிடையாது. அதற்கப்பால் இரும்புத் தடுப்பு. போனது வலது பின் டயர். எனக்குத்தான் வேலை தெரியுமே என்ற தைரியத்தில் டிக்கியைத் திறந்து சாமான்களை இறக்கினேன். மனைவி செல்போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். நட்டுகளைக் கழற்றியாகிவிட்டது, சக்கரம் தரையைவிட்டு இரண்டு விரற்கடை எழும்பியிருக்கிறது. அந்த நேரம் ஒரு டாரஸ் லாரி கடந்துபோனது. லாரி எங்களைத் தொடவில்லை. அது தள்ளிவிட்டுப் போன காற்றுதான் தொட்டது. ஜாக்கியின் மேல் நின்ற கார் ஒருமுறை அந்தப் பக்கம் சாய்ந்து திரும்பி வந்ததைச் சக்கரத்தின் மேல் வைத்திருந்த என் கைகள் உணர்ந்தன.

மாற்றி முடித்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால்தான் அடுத்த முறையும் அதையே செய்யத் தோன்றுகிறது. அந்தச் சாய்வு மட்டும் நினைவில் நிற்காவிட்டால் நானும் செய்திருப்பேன். வண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் ஒரு நொடிக்கு 28 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் கண்ணில் நான் படுவதற்கும் அவர் கால் பிரேக்கைத் தொடுவதற்கும் இடையில் ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியில் இரண்டு பஸ் நீளத்துக்கும் மேல் ஓடி வந்திருப்பார்.

அதனால் இப்போது வழிகளை ஒப்பிட என்னிடம் ஒரே அளவுகோல்தான் இருக்கிறது: ஓடுகிற வண்டிகளின் பக்கம் நான் எத்தனை நிமிடம் குந்தியிருக்க வேண்டும்? பணமும் நேரமும் அதற்குப் பின்னால்தான்.

உருட்டிக்கொண்டே போவது

காற்றில்லாமல் ஓர் அடிகூட ஓட்டக் கூடாது என்பார்கள். டயரைப் பொறுத்தவரை அது உண்மை. மேற்சொன்ன சம்பவத்துக்கு ஒரு வருடம் முன்பு, பஞ்சரானது தெரியாமல் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். திருமங்கலத்தில் ஒரு பஞ்சர் கடையில் பெரியவர் ஒருவர் டயரை இரும்பு வளையத்திலிருந்து பிரித்து, உள்ளே கையை விட்டு எடுத்துக் காட்டினார். உள்ளங்கை நிறையக் கரிப்பொடி. "இது பஞ்சர் இல்லை தம்பி, டயரையே அரைத்துக் கொண்டுவந்திருக்கிறீர்கள்" என்றார். காற்றில்லாத டயரின் பக்கச்சுவர் சாலைக்கும் வளையத்துக்கும் நடுவில் மடிந்து மடிந்து நசுங்குகிறது. ரப்பர் உதிர்ந்து, உள்ளிருக்கும் நூல்கட்டு சூட்டில் இற்றுப்போகிறது. வெளியே பார்த்தால் ஒரு கீறல் தெரிந்தால் உண்டு. அதை மறுபடி காற்றடித்து ஓட்டுவது ஆபத்து என்பதால் புது டயருக்கு ஏறக்குறைய ஐயாயிரம் கொடுத்தேன்.

அப்படி நஷ்டப்பட்டவன்தான் சொல்கிறேன்: நிற்கக் கூடாத இடத்தில் டயர் போனால், ஐயாயிரம் போனாலும் பரவாயில்லை, உருட்டிக்கொண்டு நகருங்கள். நான்கு இண்டிகேட்டர்களையும் போட்டுவிட்டு, மனிதன் ஓடும் வேகத்துக்கு மேல் போகாமல், ஸ்டீயரிங்கைச் சடாரென்று திருப்பாமல் போக வேண்டும். இருநூறு, முந்நூறு மீட்டருக்குள் சர்வீஸ் சாலை, பெட்ரோல் பங்க், பஸ் நிற்கும் ஒதுக்கிடம், ஓட்டலுக்கு முன்னால் ஒரு மண்தரை என ஏதாவது ஒன்று பெரும்பாலும் அகப்பட்டுவிடும். கப்பலூர், சிட்டம்பட்டி, எலியார்பத்தி, கொடைரோடு என்று மதுரையைச் சுற்றிய சுங்கச்சாவடிகளை எல்லோரும் திட்டுகிறோம். பஞ்சரான காருக்கு அவற்றைவிட வெளிச்சமான, அகலமான இடம் கிடையாது.

நத்தம் சாலைப் பறக்கும் பாலம் தனிக்கதை. 2023 ஏப்ரலில் திறந்த அந்தப் பாலம் 7.3 கிலோமீட்டர் நீளம். மேலே ஏறியபின் ஒதுங்கி நிற்பதற்கென்று நிலம் இல்லை; எல்லோரும் காலியான சாலை கிடைத்த மகிழ்ச்சியில் பறக்கிறார்கள். அங்கே வலது டயர் போனால் வளையமே வளைந்தாலும் கீழே இறங்கும் வரை நான் உருட்டிக்கொண்டுதான் போவேன். கார் அறவே நகர மறுத்தால் இறங்கி, அதைவிட்டு விலகி, கைப்பிடிச் சுவர் ஓரம் நின்று போன் செய்வேன். அங்கே ஜாக்கியைக் கையால் தொட மாட்டேன்.

காற்றுப் பம்பு

ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். காரின் சிகரெட் லைட்டர் துளையில் செருகுகிற 12 வோல்ட் பம்பு. கைக்குள் அடங்கும் பேட்டரி பம்புகளும் வந்துவிட்டன. ஆனால் அவற்றுக்குச் சார்ஜ் போட மறந்துவிடுவோம் என்பதால் எனக்கு ஒயர் வைத்ததுதான் பிடிக்கும்.

டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் டியூப் டயர்போல உடனே புஸ்ஸென்று போய்விடாது. ஆணியே துளையை அடைத்துக்கொண்டு நிற்கும். காற்று மெல்லக் கசியும். எனது ஒன்பது பஞ்சர்களில் ஆறு இந்த வகை. ஆணி கண்ணில் பட்டதும் பிடுங்கிப் போடத் தோன்றும்; பிடுங்கினால் குடத்தில் ஓட்டை விழுந்த கதைதான். அது அங்கேயே இருக்கட்டும். குழாயை வால்வில் மாட்ட அரை நிமிடம். மாட்டிவிட்டு இரும்புத் தடுப்புக்கு அப்பால் போய் நின்றுகொள்ளலாம். கிட்டத்தட்டக் காலியான சிறிய கார் டயருக்கு ஐந்தாறு நிமிடம் ஆகும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், பம்பின் உலோகக் கழுத்து கொதிக்கும் என்பதால் கழற்றும்போது விரல் பத்திரம். மறுபடி அரை நிமிடம். ஆக வலது டயராகவே இருந்தாலும் ஆபத்தான பக்கம் குந்துவது மொத்தம் ஒரு நிமிடம். ஸ்டெப்னி மாற்ற இருபது நிமிடம் ஆகிற இடத்தில் இந்த ஒரு நிமிடத்தை வைத்துப் பாருங்கள். எனக்கு வேறு எந்த வாதமும் தேவைப்படவில்லை.

கார்க் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் எவ்வளவு காற்று என்று போட்டிருக்கும். சிறிய கார்களுக்கு 30 முதல் 35 பி.எஸ்.ஐ. வரை. நான் 35 வைத்துவிட்டு மூன்று நிமிடம் காத்திருந்து பார்ப்பேன். 33-க்குக் கீழே போகவில்லை என்றால் 40 கிலோமீட்டர் வேகத்தில் அடுத்த பஞ்சர் கடைக்கு ஓட்டிவிடுவேன். அதைவிட வேகமாக இறங்கினால், அந்தக் காற்று சர்வீஸ் சாலைவரை கொண்டுபோய்ச் சேர்த்தாலே போதும் என்று நன்றி சொல்லிக்கொள்வேன். டயரின் பக்கவாட்டில் கிழிந்திருந்தாலோ, வால்வு முறிந்திருந்தாலோ, டயர் வளையத்தைவிட்டுப் பிதுங்கியிருந்தாலோ பம்பு உதவாது. அது ஒன்றுதான் அதன் குறை.

சில நேரம் பஞ்சரே இருக்காது, வால்வுக்குள் இருக்கும் ஊசி தளர்ந்திருக்கும். மூடியைக் கழற்றி வால்வின் வாயில் ஒரு துளி எச்சிலை வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் கண்டுபிடித்தாகிவிட்டது. பஞ்சர் கடைக்காரர் முதலில் செய்வதும் அதைத்தான்.

ரப்பர் திரியும் திரவமும்

துளையைத் துருவி, பிசின் தடவிய ரப்பர் திரியை ஊசியில் கோத்து உள்ளே தள்ளி, ஊசியை மட்டும் உருவுகிற வேலை. கடைக்காரர் இரண்டு நிமிடத்தில் முடிப்பதைப் பார்த்தால் சுலபமாகத் தெரியும். நான் இரண்டு முறை செய்தேன். துருவியை உள்ளே இறக்க மொத்த உடம்பின் கனத்தையும் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் ஆணி இருக்கும் இடம் கைக்கு எட்ட வேண்டும்; அது சக்கரத்தின் அடியில் போய் உட்கார்ந்திருந்தால் காரை அரைச்சுற்று நகர்த்த வேண்டும்; டயரின் உட்பக்க ஓரத்தில் உட்கார்ந்திருந்தால் எப்படியும் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். கழற்றிவிட்டால் அப்புறம் ஏன் திரி, ஸ்டெப்னியையே மாட்டிவிடலாமே? சாலையில் பதியும் பாகத்தில் ஏறிய ஆணிக்கு மட்டும்தான் இது ஆகும்; பக்கச்சுவரில் செருகினால் ஓட்டும்போது பிய்த்துக்கொண்டு வரும். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, கடையே இல்லாத இடத்தில் இரண்டாவது டயரும் போய்விட்டால், அப்போது இந்தப் பெட்டி தெய்வம். மற்றபடி எனக்கு இதன்மேல் பெரிய மரியாதை இல்லை.

வால்வு வழியாக ஊற்றுகிற திரவ அடைப்பான் இன்னும் தற்காலிகமானது. அதற்குக் காலாவதித் தேதி உண்டு, யாரும் பார்ப்பதில்லை. அதை ஊற்றிய டயரைப் பிறகு ஒட்டக் கொடுத்தால் உள்ளே கழுவித் துடைக்கக் கடைக்காரர் முகம் சுளிப்பார். அவர் சுளிப்பதில் நியாயம் உண்டு.

ஆனால் சிலருக்குத் திரவமும் பம்பும் மட்டுமே கதி. 2020 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. டியூப்லெஸ் டயர், டயர் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவி, பழுதுநீக்கும் பெட்டி மூன்றும் இருந்தால் 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணிகள் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. மின்சாரக் கார்கள் சிலவற்றிலும், டிக்கியைச் சிலிண்டர் அடைத்துக்கொண்ட எரிவாயுக் கார்கள் சிலவற்றிலும் ஸ்டெப்னி கிடையாது. என் மைத்துனர் புதுக் கார் வாங்கி எட்டு மாதம் கழித்து, மேலூர் சாலையில் நின்றுகொண்டு டிக்கிக் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்துத்தான் அதைத் தெரிந்துகொண்டார். "மாமா, இங்கே வெறும் தெர்மோகோல்தான் இருக்கிறது" என்று அவர் போனில் சொன்ன குரலை எங்கள் வீட்டில் இன்னும் பேசிக்காட்டிச் சிரிக்கிறோம்.

ஸ்டெப்னி

இந்தச் சொல்லுக்கு ஒரு ஊர் உண்டு. வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்னும் ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904-இல் தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர் மாற்றுச் சக்கரம் தயாரிக்கத் தொடங்கினார். அதற்கு முன் கார்களுக்கு மாற்றுச் சக்கரமே கிடையாது. பஞ்சரானால் ஓட்டுநர் சாலையிலேயே ஒட்டிக்கொண்டிருப்பார். இங்கிலாந்தில் அந்தப் பெயரை மறந்துவிட்டார்கள். நம் பஞ்சர் கடைகளில் அந்தத் தெரு இன்னும் வாழ்கிறது.

இடம் சரியாக இருந்தால் ஸ்டெப்னியைப் போல முழுமையான தீர்வு வேறில்லை. கடை தேட வேண்டாம், காற்று இறங்குமோ என்று எட்டிப் பார்க்க வேண்டாம். கிராமத்துச் சாலையில், இடது டயர் போய், பகல் வெளிச்சத்தில் நிற்கிறீர்கள் என்றால் வேறு எதையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். ஆனால் அந்த வேலைக்குள் சில நுணுக்கங்கள் இருக்கின்றன; என் அனுபவத்தில் ஆட்கள் சறுக்குவது அங்கேதான்.

முதலாவது, கார் உருளக் கூடாது. "ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறேனே" என்பார்கள். நம் சிறிய கார்களில் இன்ஜின் இழுப்பது முன் சக்கரங்களை. ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை. முன் சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டால் கியரின் பிடி போய்விடும், ஏனென்றால் அந்தரத்தில் நிற்கும் சக்கரம் சும்மா சுற்றிக்கொடுத்து மற்றச் சக்கரத்தை உருள விட்டுவிடும். பின் சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்ட்பிரேக்கின் பாதிப் பிடி அந்தரத்துக்குப் போகிறது. ஆகவே இரண்டையும் போட வேண்டும். அதோடு, பஞ்சரான சக்கரத்துக்கு மூலைவிட்டமாக எதிரே இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். காருக்குள் யாரும் இருக்கக் கூடாது. குழந்தை தூங்குகிறது என்பது சாக்கு ஆகாது, எழுப்பி இறக்குங்கள்.

இரண்டாவது, நட்டு. சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச்சுற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்த முயன்றால் சக்கரம் சுற்றும், ஜாக்கி ஆடும். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள்; காரணம் அவர்களல்ல. கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் நட்டை டர்ரென்று முடுக்கிவிடுகிறார்கள். சிறிய கார் நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டிய முறுக்கு போதும். துப்பாக்கி அதைத் தாண்டி எங்கோ போய் நிற்கிறது. காரோடு வந்த ஒரு சாண் ஸ்பேனரை வைத்துக்கொண்டு நடுச்சாலையில் அதைத் திறக்க பீமன்தான் வர வேண்டும். நான் இப்போது எந்தக் கடையில் சக்கரம் மாட்டினாலும் "அண்ணே, கடைசி முடுக்கைக் கை ஸ்பேனரில் போடுங்கள்" என்று கேட்டுக்கொள்கிறேன். சிலர் அலுத்துக்கொள்வார்கள், ஆனால் செய்துவிடுவார்கள். ஸ்பேனர் கைப்பிடியில் நுழைகிற மாதிரி இரண்டடி இரும்புக் குழாய் ஒன்றும் டிக்கியில் கிடக்கிறது. ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதிப்பதைவிட அது கணுக்காலுக்கு நல்லது.

மூன்றாவது, மண். திருமங்கலத்துக்குத் தெற்கே கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கம் கரிசல். கோடையில் கல்லாகக் கிடக்கும். ஒரு மழை பெய்தால் களியாகிவிடும். அதில் ஜாக்கியை வைத்துச் சுற்றினால் கார் மேலே போகாது, ஜாக்கி கீழே போகும். இன்னும் மோசம், ஒரு பக்கமாகப் புதைந்து சாயும். அடியில் பலகை வைக்காமல் கரிசலில் ஜாக்கி போடவே கூடாது. தார்ச் சாலையின் விளிம்பிலும் வேண்டாம்; பாதி தாரும் பாதி மண்ணுமாக நிற்கும் ஜாக்கி எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. காரின் அடிவிளிம்பில், சக்கரத்துக்குப் பக்கத்தில், இரண்டு சிறிய வெட்டுகளுக்கு நடுவே ஜாக்கியின் தலை உட்கார வேண்டும். தகட்டில் வைத்தால் தகடுதான் மடியும்.

கழற்றிய சக்கரத்தைத் தூர வைக்காமல், ஜாக்கிக்குப் பக்கத்தில் காரின் அடியில் படுக்கவைத்துவிடுங்கள். ஜாக்கி நழுவினாலும் கார் அதன்மேல் உட்காரும். ஸ்டெப்னியை மாட்டும் கடைசி நொடியில் உருவிக்கொள்ளலாம். கை, கால், தலை எதுவும் காருக்கு அடியில் போக வேண்டிய அவசியமே இந்த வேலையில் இல்லை. உருண்டுபோன நட்டைக்கூடக் குச்சியால் இழுத்துக்கொள்ளலாம். நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றிக் கையால் முடுக்கி, சக்கரம் தரைக்கு வந்தபின் முழு பலம் கொடுத்து, 50 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை பார்ப்பது வழக்கம். சில கார்களின் ஸ்டெப்னி மற்றவற்றைவிட ஒல்லியாக இருக்கும். அதன்மேல் எழுதியிருக்கும் 80 கிலோமீட்டர் வேக வரம்பு அலங்காரத்துக்கு அல்ல.

இத்தனையும் தெரிந்தவர்களைக்கூடக் கவிழ்ப்பது ஸ்டெப்னியில் காற்று இல்லாமல் இருப்பது. நான்கு டயருக்கும் காற்றுப் பிடிக்கும்போது டிக்கியைத் திறக்கச் சோம்பல். பெட்ரோல் பங்கில் காற்று இலவசம்தான். ஆனால் பின்னால் வரிசை நிற்கிறது, டிக்கி நிறையச் சாமான் இருக்கிறது, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். இப்படி நான் இரண்டு வருடம் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

ஆளைக் கூப்பிடுவது

இதை அவமானமாக நினைப்பவர்கள் நம்மில் அதிகம். ஆண் என்றால் டயர் மாற்றத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு. இரவு, வலது டயர், நான்குவழிச் சாலை என்று மூன்றும் சேர்ந்தால் நான் வெட்கமில்லாமல் போன் செய்துவிடுவேன். ஆபத்தான பக்கம் குந்தும் நேரம்: பூஜ்யம். விலை: முக்கால் மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ காத்திருப்பு.

தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண் இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு. பஞ்சர் ஒட்டுவது அவர்கள் வேலை அல்ல. ரோந்து வண்டி வந்து, பின்னால் ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து, விளக்கைச் சுழலவிட்டு நின்றால் அந்த இடத்தின் ஆபத்து பாதியாகிவிடும். நகராத காரை இழுத்துப்போக வண்டியும் கேட்கலாம். எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவே, எந்தப் பக்கம் போகிற சாலை, பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் என்ன எண் என்று சொல்லத் தெரிந்தால் தேடாமல் வந்து சேருவார்கள்.

காப்பீட்டோடு சேர்ந்துவரும் சாலையோர உதவி வேறு வகை. அதில் "டயர் உதவி" என்றால் பெரும்பாலும் உங்கள் ஸ்டெப்னியை எடுத்து மாட்டித் தருவது என்றுதான் பொருள். ஸ்டெப்னி இல்லாத காருக்கு இழுவை வண்டி வரும். வருடத்துக்கு இத்தனை முறை என்ற கட்டுப்பாடும் இருக்கும். ஒருமுறை நான் கூப்பிட்டபோது நான்கு பேரிடம் அதே விவரத்தைச் சொல்லி, வேறொரு ஊரிலிருந்து ஆள் கிளம்பி வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் பக்கத்து ஊர்ப் பஞ்சர் கடைத் தம்பி இரு சக்கர வண்டியில் பம்பைக் கட்டிக்கொண்டு வந்து, ஒட்டி, காற்றடித்து, காபியும் குடித்துவிட்டுப் போயிருப்பார். எனவே அடிக்கடி போகிற பாதையில், கடைக்கு வந்து நிற்காமல் இடத்துக்கே வரக்கூடிய பஞ்சர்காரர் இரண்டு பேரின் எண்ணை வைத்திருப்பது எந்தத் திட்டத்தையும்விட மேல். மரத்தில் வெள்ளை பெயின்ட் அடித்த பழைய டயரைத் தொங்கவிட்டிருக்கும் கடைகளில் லாரிகளுக்காக இரவிலும் ஆள் படுத்திருப்பார். தீபாவளி, பொங்கல், சித்திரைத் திருவிழா நாட்களில் இந்த நம்பிக்கை வேண்டாம்; அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் நகருக்குள் பஞ்சர்காரர் வருவதிருக்கட்டும், அவர் வண்டியே நகராது.

காத்திருக்கும்போது காருக்குள் உட்கார வேண்டாம். காருக்கு முன்னாலும் நிற்க வேண்டாம். பின்னாலிருந்து எது இடித்தாலும் கார் முன்னோக்கித்தான் பாயும். தடுப்புக்கு அப்பால், காருக்குப் பின்பக்கமாகச் சற்றுத் தள்ளி, வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் சரி. சிவப்பு முக்கோணத்தைக் காருக்குப் பின்னால் பத்தடியில் வைப்பவர்கள் அதை யாருக்காக வைக்கிறார்கள் என்று தெரியவில்லை. நான்குவழிச் சாலையில் குறைந்தது நூறு மீட்டர் பின்னால் வேண்டும். மனிதக் கால்களுக்கு நூற்றுமுப்பது அடி எடுத்துவைக்க வேண்டிய தூரம், ஓடி வரும் வண்டிக்கு நான்கே நொடி. போகும்போதும் வரும்போதும் தடுப்புக்கு அப்பாலேயே நடக்கலாம்.

முக்கோணம் இல்லாத லாரிக்காரர்கள் வேப்பங்கொத்தையும் கல்லையும் வைப்பார்கள். கொத்து நல்லது, மேலே ஏறினாலும் யாருக்கும் கேடில்லை. கல்தான் வினை. வேலை முடிந்ததும் வண்டி போய்விடும், கல் அங்கேயே கிடக்கும், இரவில் இரு சக்கர வண்டியில் வருகிறவருக்கு அது தெரியாது. முட்டுக் கொடுத்த கல்லையும் சேர்த்து எடுத்து ஓரத்தில் எறிந்துவிட்டுத்தான் நான் கிளம்புவேன்.

நகருக்குள் எனக்குக் குழப்பமே இல்லை. கோரிப்பாளையத்திலோ பெரியார் பஸ் நிலையத்தை ஒட்டியோ ஜாக்கி போட்டால் பின்னால் நிற்கிறவர்கள் ஒலிப்பானாலேயே நம்மைத் தூக்கிவிடுவார்கள். பம்பைப் போட்டு, முதல் சந்தில் திரும்பி, கடையைத் தேடுவதுதான் வழி. மலைப்பாதையில் ஏற்றத்தில் நின்றால் வளைவைத் தாண்டிச் சமமான இடம் கிடைக்கும்வரை உருட்டுவேன். சரிவில் ஜாக்கி போடுவதைப் போல முட்டாள்தனம் இல்லை. நான்குவழிச் சாலையில் இடது டயர் போய், ஓரத்தில் நல்ல அகலமும் பகல் வெளிச்சமும் இருந்தால் ஸ்டெப்னி. அதில் ஒன்று குறைந்தாலும் பம்பு. பம்பு தோற்றால் போன். வயதான பெற்றோரோடு போகிறவர்களும் தனியாக ஓட்டுகிற பெண்களும் இரவில் நேராகப் போனுக்கே போகலாம். தொல்லை தருகிற ஆள் யாராவது பக்கத்தில் வந்து நின்றால் 112.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை இல்லாதபோது, வீட்டு வாசலில் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். என் மகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். முதல் முறை நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டாள், அதில் பதினைந்து நிமிடம் ஜாக்கியின் கைப்பிடி டிக்கியில் எந்த மூலையில் செருகியிருக்கிறது என்று தேடியது.

கரிசலுக்கான பலகையாக என் டிக்கியில் இருப்பது அம்மா வீட்டுப் பழைய மணை. தேக்கு, ஓரடிக்கு முக்காலடி, ஒன்றரை அங்குலக் கனம். அப்பா அதில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். போன ஐப்பசியில் கள்ளிக்குடிக்கு அருகே மழைச் சேற்றில் அதன்மேல் ஜாக்கியை வைத்துத் தூக்கினேன். கார் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. மணையின் நடுவில் மட்டும் ஜாக்கிப் பாதத்தின் தடம் சதுரமாகப் பதிந்துவிட்டது. கழுவிக் காயவைத்தபோது அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இனி இதைக் காரிலேயே வைத்துக்கொள்" என்றார்.